காக்கச் சென்றவர்களைத் தேடி

கடலில் ஒருவரைக் காக்கச் சென்றவர்களே காணாமற்போனால் அவர்களைத் தேடுவோர் யார்? 2024 செப்டெம்பர் 2ஆம் நாள் இரவு இவ்வினா அரபிக் கடலில் எழுந்தது. குசராத்தின் போர்பந்தருக்கு அப்பால், சுமார் 45 கிலோமீற்றர் தொலைவில், ‘ஹரி லீலா’ என்னும் எண்ணெய்க் கப்பலில் மாலுமி ஒருவர் காயமுற்றிருந்தார். அவரை மீட்க இந்தியக் கடலோரக் காவற்படையின் ஹெலிகொப்டர் நால்வருடன் புறப்பட்டது; கப்பலை நெருங்கும் வேளையில் கடலில் வீழ்ந்தது. சில நாட்களுக்கு முன்னர்தான் குசராத்தின் புயல் மழையில் 67 உயிர்களை மீட்ட ஊர்தி அது.

நான்கு கப்பல்களும் இரண்டு விமானங்களும் தேடலில் இறங்கின. ஒருவர் உயிருடன் மீட்கப்பட்டார். இருவரின் உடல்கள் விரைவிலேயே கிடைத்தன. விமானி ஒருவரை மட்டும் காணவில்லை.

கடலில் தேடுதல் நிலத்தில் தேடுதல் போன்றதன்று. இயந்திரமும் சுழலியும் மேற்புறத்தில் அமைந்திருத்தலால் ஹெலிகொப்டர் நீரில் வீழ்ந்ததும் எளிதிற் கவிழும். நீரோட்டமும் காற்றும் மிதப்பவற்றை இழுத்துச் செல்லத் தேடவேண்டிய பரப்பு மணிக்கு மணி விரியும். ஆயினும் தேடல் நிற்கவில்லை. 38 நாட்களின் பின், ஒக்டோபர் 10ஆம் நாள், போர்பந்தருக்குத் தென்மேற்கே சுமார் 55 கிலோமீற்றரில் அவருடல் கண்டெடுக்கப்பட்டது.

உயிருடன் இருத்தல் அரிது என்றறிந்த பின்னரும் தேடுவானேன்? நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த நம் முன்னோர், கரையிற் காத்திருக்கும் நெஞ்சினை அறிந்தவர்கள். துறைமுகத்தை அண்டி வாழும் கொட்டாஞ்சேனை மக்களுக்கும் அந்நெஞ்சு புதிதன்று. போனவர் மீளார் எனினும், வீட்டாருக்கு ஒரு விடை வேண்டும். அவ்விடையைத் தேடிக் கொடுத்தல், பிறருக்காகக் கடலேறியவர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.