பாடியின் ஆலைகளுக்குக் குவாண்டம் கணினி எதற்கு?

குவாண்டம் கணினி என்பது வேகம் கூடிய சாதாரணக் கணினி அன்று. அணு, எலக்ட்ரான் முதலிய நுண்துகள்களுக்குரிய விதிகளையே கணக்கிடும் வழியாகக் கொண்ட வேறொரு பொறியாகும். சாதாரணக் கணினியின் அலகான பிட் 0, 1 என்னும் இரு மதிப்புகளுள் ஒன்றையே ஏற்க, குவாண்டம் கணினியின் அலகான க்யூபிட் அவ்விரண்டும் கலந்த நிலையிலும் இருக்க வல்லது. இந்நிலைகள் அலைகளைப் போல ஒன்றையொன்று வலுப்படுத்தவும் அழிக்கவும் செய்வதால், தவறான விடைகள் மங்கிச் சரியான விடை மேலெழுமாறு கணக்கை வகுப்பதே இத்துறையின் கலை; எல்லாக் கணக்குகளும் அதற்கு இடந்தருவதில்லை.

வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என 1960களில் தோன்றிய நிறுவனங்களால் தொழிலூராக வளர்ந்த சென்னையின் பாடியில், எந்த எந்திரத்தில் எந்த வேலையை முதலில் ஏற்றுவது என்பது அன்றாடக் கணக்கு. இதற்குக் குவாண்டம் கணினி தீர்வாகும் என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும், சிறந்த வரிசையைத் தேட உதவக்கூடிய, லவ் குரோவர் 1996இல் வகுத்த குவாண்டம் தேடல் முறை பத்து லட்சம் முயற்சிகளை ஏறத்தாழ ஆயிரமாகக் குறைப்பதோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முயற்சியும் மெதுவாக நடப்பதாலும், க்யூபிட்டுகளில் நேரும் பிழைகளைத் திருத்தவே பெரும் உழைப்பு செலவாவதாலும், அந்த ஆதாயமும் கரைந்துபோகிறது.

மெய்யான நம்பிக்கை வேதியியலில்தான் இருக்கிறது. மூலக்கூறொன்றில் எலக்ட்ரான்கள் கூடக்கூட அவற்றின் நிலையை எழுதிவைக்கச் சாதாரணக் கணினிக்கு வேண்டிய நினைவகம் மடங்குமடங்காகப் பெருகுவதால், மின்வாகனங்களின் மின்கலத்துக்கு ஏற்ற புதிய பொருளை இன்றும் பெரிதும் ஆய்வகத்தில் செய்து பார்த்தே தேட வேண்டியுள்ளது. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா ஒரு நொதியின் துணையால் மண்ணின் இயல்பான வெப்பத்திலேயே காற்றின் நைட்ரஜனை அமோனியாவாக்க, உர ஆலைகள் அதற்குக் கடும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் செலவிடுகின்றன. அந்த நொதியின் செயல் குவாண்டம் கணினியால் தெளிவானால் பயன் உழவரின் செலவுக் கணக்கு வரை எட்டக்கூடும்.

பயனுக்கு முன்பே வருவது பாதுகாப்புப் பணி. பேரெண்களைப் பகா எண்களாகப் பிரிப்பதன் கடினத்தையே இணையவழி மறையாக்கத்தின், அதாவது செய்தியைப் பிறர் படிக்கவியலாதவாறு மாற்றும் முறையின், ஒரு பகுதி நம்பியிருக்கிறது. குவாண்டம் கணினியைக் கொண்டு அக்கடினத்தைப் போக்கும் வழியைப் பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டினார். அதற்குப் பல லட்சம் க்யூபிட்டுகள் தேவைப்படும் என மதிப்பிடப்படுகையில், 2023இல் ரூ. 6,003.65 கோடியில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தின் எட்டாண்டு இலக்கு 50 முதல் 1,000 வரையே. ஆயினும் இன்று மறையாக்கிய நிலையில் பிறர் படியெடுத்துவைக்கும் மருத்துவ ஆவணத்தைப் பின்னாளில் திறந்துவிடலாம் என்பதால் காத்திருப்பதற்கில்லை. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் ஆகஸ்ட் 2024இல் வெளியிட்ட புதிய மறையாக்கத் தரங்கள் சாதாரணக் கணினியிலேயே இயங்குவன. வங்கிகள் அவற்றுக்கு மாறும்போது, கைபேசியில் பணம் செலுத்தும் பாடிவாசி மென்பொருளைப் புதுப்பித்தாலே போதுமானது.