புளிசாதமும் நானும்

எனக்கு வயது 53. இருபது வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். ஆனாலும், முத்தியால்பேட்டை வீட்டை விட்டால் பெரிய மார்க்கெட், மணக்குள விநாயகர் கோவில். அதற்கு மேல் என் வண்டி போனதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மகள், தனியாகக் காரோட்டிப் போய், அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பார்த்து வந்ததாக போனில் சொன்னாள். கொலராடோ ஆறு அறுத்த பள்ளத்தாக்காம். ஒரு மைல் ஆழமாம். எனக்குப் பதறியது. 'பொம்பளப் புள்ள தனியா போவலாமாடி?' என்று கத்தினேன்.

'உனக்கும்தான் வண்டி ஓட்டத் தெரியும். எங்கம்மா போயிருக்கே?' என்றாள். அன்றிரவு தூக்கமே இல்லை.

அடுத்த ஞாயிறு, 'நானும் வரட்டா?' என்ற கணவரிடம், 'வேணாங்க' என்று சொல்லிவிட்டு, புளிசாதம் கட்டிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினேன். காலாப்பட்டு தாண்டும் வரை கை நடுங்கியது. மரக்காணம் உப்பளங்களில் பாத்திக்குப் பாத்தி வானம் தெரிந்ததும், பயம் போன இடம் தெரியவில்லை.

சுமார் 50 கி.மீ.,யில், கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை. பிரெஞ்சுக்காரர் வசம் இருந்ததை, 1760ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்களாம். கழிமுகத்தைப் பார்த்தபடி, சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாருக்கும் பரிமாறாமல், நான் முதலில் சாப்பிட்டது, கல்யாணமான 30 வருடத்தில் அன்றுதான்!

வீடு திரும்பியதும் மகளிடம், 'திட்டினது தப்புடி' என்றேன்.

தோழிகளே... வீட்டில் சொல்லிவிட்டு, பெட்ரோல் போட்டு, ஹெல்மெட் மாட்டிக் கிளம்புங்கள். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். ஒருநாள் நாம் இல்லாவிட்டால் அடுப்பு கோபித்துக்கொள்ளாது!

— ஒரு வாசகி, புதுச்சேரி.