வெட்டிய துண்டு எங்கே போகிறது?

வின்டோஸ் 10 இற்கான இலவச ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்ரோபர் 14 உடன் நிறுத்தியது. மேலதிகப் பாதுகாப்புக்குப் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்ரோபர் 13 வரை தவணை. அதற்குள் கணினி மாற்றும் ஸ்ரூடியோக்காரர்களும் செயலி எழுதும் மாணவர்களும் அனுப்பும் கடிதங்களில் ஒரே குழப்பம்: படங்களெல்லாம் வந்துவிட்டன, செய்த திருத்தங்களைக் காணவில்லை.

திருத்தம் படத்துக்குள் இருந்ததே இல்லை.

‘அசல் அழியாது’ என்று படத் திருத்தச் செயலி நிறுவனங்கள் சொல்வது மெய்தான். திருத்தமும் அழியாது என்று அவை சொல்லவில்லை. லைட்ரூம் கிளாசிக் அதைத் தன் கற்றலொக் கோப்பில் வைக்கிறது. படக் கோப்புறையை மட்டும் கொப்பி பண்ணினால் அது பழைய கணினியிலேயே தங்கிவிடக்கூடும். பிகாசா எழுதிய சிறிய மறைகோப்பு படங்களோடு கூடவே வரும், ஆனால் கூகுள் 2016 இல் பிகாசாவைக் கைவிட்டுவிட்டது.

திருத்தத்தை ஏன் இப்படித் தனியே வைக்கவேண்டும்? கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் கைகளில் படங்கள் இருந்தன. அப்படியான ஒரு வீட்டில் மிஞ்சியது ஒரேயொரு கல்யாணப் படம் என்று வைத்துக்கொள்வோம். பின்வரிசையில் மகன். தண்ணீர் பட்டு மஞ்சளித்த தாள், கன்னத்துக்குக் குறுக்கே ஒரு கீறல். ஸ்கான் செய்த கோப்பை நல்ல செயலி தொடாது. பக்கத்தில் ஒரு செய்முறைக் குறிப்பு எழுதும்: இங்கிருந்து இதுவரை வெட்டு, ஒரு பாகை திருப்பு, மஞ்சளைக் குறை, கீறலை மூடு. திரையில் தெரிவது அந்தக் குறிப்பின்படி அப்போதைக்கு அப்போது ஆக்கிய படம். பிள்ளை இதைவிடக் கறுப்பு என்று தாய் சொன்னால், ஓர் எண்ணை மாற்றினால் போதும். அசலிலேயே தீட்டி ஜேபெக்காகத் திரும்பத் திரும்பச் சேமித்திருந்தால், ஒவ்வொரு முறையும் அந்த முகத்தின் நுணுக்கம் கொஞ்சம் போயிருக்கும். வேறு பிரதி இல்லாத வீட்டில் அந்த இழப்பை யாராலும் ஈடுசெய்ய முடியாது.

அப்பிள் 2014 இல் ஐஓஎஸ் 8 உடன் தந்த ஏற்பாடு நேர்த்தியானது. செய்முறையோடு அது எழுதப்பட்ட வடிவத்தின் அடையாளமும் பதிப்பு எண்ணும் சேமிக்கப்படும். ஆக்கி முடித்த படமும் தனியே இருக்கும். குறிப்பை வாசிக்கத் தெரியாத செயலிக்கு ஆக்கிய படம் கையில் கிடைக்கும். செயலி எழுதும் கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்து மாணவர்கள் இதில் எடுக்கவேண்டியது அந்தப் பதிப்பு எண். அது இல்லாவிட்டால் அடுத்த வருடச் செயலி இந்த வருடக் குறிப்பைப் பிழையாக வாசிக்கும்.

இதே ஏற்பாட்டில் பயமும் இருக்கிறது. வெட்டிய பகுதி எங்கும் போகவில்லை. அந்தக் கல்யாணப் படத்தில் மகனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இன்று உயிரோடு, இதே ஊரில் இருக்கலாம்; வெட்டி மறைத்த அவர்களின் முகமும் பகிரும் கோப்போடு போய்விடக்கூடும். வேர்ட் ஆவணத்தில் ஒட்டி வெட்டிய படத்தின் மிச்சம், நீக்கச் சொல்லாதவரை, ஆவணத்துக்குள்ளேயே இருக்கும். 2023 மார்ச்சில் வெளியான ‘அக்ரோபலிப்ஸ்’ என்ற வழு இன்னும் மோசம்: கூகுள் பிக்செல் போனில் வெட்டிய திரைப்பிடிப்பைச் சேமிக்கும்போது பழைய கோப்பின் வால் நறுக்கப்படவில்லை, வெட்டிய பகுதியை அதிலிருந்து ஓரளவு மீட்க முடிந்தது. வின்டோஸ் 11 இன் வெட்டுக்கருவியிலும் அதே வகை வழு இருந்தது. செய்முறைக் குறிப்புக்கும் அந்த வழுவுக்கும் தொடர்பில்லை. ஆனால் வெட்டினால் போய்விட்டது என்ற நம்பிக்கை இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே செயலி எழுதுபவர்கள் பகிர்வதற்கு எப்போதும் ஆக்கிய படத்தைப் புதுக் கோப்பாக எழுதவேண்டும், அசலைச் சேர்க்கக் கூடாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கூகுள் ஃபோட்டோஸிலிருந்து இறக்கினால்? கூகுளின் ரேக்கவுட் சேவை மூலம் அசலும் திருத்தியதும் தனித்தனியாக வரும்.

ஐபோனில் ஏர்ட்ரொப் செய்தால்? எல்லாப் படத் தரவும் என்ற தெரிவு இயங்கினால் வெட்டுக்கு முந்திய அசலும் கூடப் போகும்.

வாட்ஸ்அப்பில் போட்டுவைத்தால் போதாதா? போதாது, வழமையாக அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடும்.

லைட்ரூம் பாவிப்பவர்கள் கணினி மாற்ற முன் என்ன செய்வது? கற்றலொக் கோப்பையும் படங்களோடு கொப்பி பண்ணுங்கள். புதியதில் திறந்து பார்த்த பிறகு பழையதை விற்கலாம்.