சந்தி தயார், தண்ணீர்?

சீனாவிலிருந்து கோர்கோஸ் வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு ரயில், கஸாக்ஸ்தான் எல்லையிலுள்ள அந்த ஊரில் நின்றே ஆக வேண்டும். சீனத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். சோவியத் காலத்துக் கஸாக் தண்டவாளம் 1,520. எட்டரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதற்காக ராட்சத கிரேன்கள் கன்டெய்னர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, பக்கத்துத் தடத்தில் காத்திருக்கும் வேகன்களில் இறக்குகின்றன. பொட்டல் வெளியில் ஓர் உலர் துறைமுகம் முளைத்த கதை இதுதான்.

உலகிலேயே பெரிய, கடற்கரை வாய்க்காத நாடு கஸாக்ஸ்தான். 2022இல் உக்ரைன் போர் வெடித்ததும் அதற்கு யோகம் அடித்தது. ரஷ்யாவைத் தொடாமல் போக வழி தேடியவர்களுக்குக் கிடைத்தது ‘நடுப்பாதை’: அக்தாவ் துறைமுகம், அங்கிருந்து கேஸ்பியன் ஏரியைக் கடந்து அஜர்பைஜானின் பாக்கு நகரம், பிறகு ஜார்ஜியா, துருக்கி. (கஸாக் எண்ணெயில் சுமார் 80 சதவீதம் இன்னமும் ரஷ்யாவின் நோவோரோசிஸ்க் வழியாகத்தான் கப்பலேறுகிறது என்பது வேறு விஷயம்.)

ஆளாளுக்கு ரயில் பாதையையும் கிரேனையும் பற்றியே பேசுகிறார்கள். நடுவில் இருக்கும் தண்ணீரை யாரும் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை. 1990களின் நடுவிலிருந்து கேஸ்பியன் வற்றிக்கொண்டே வருகிறது. கஸாக் பக்கத்து வட கேஸ்பியனின் சராசரி ஆழமே ஐந்து மீட்டர்தான். 2023இல் அக்தாவ் நகரம் நீர்மட்டச் சரிவுக்காக நெருக்கடி நிலையே அறிவித்தது. தரை தட்டிவிடும் என்ற பயத்தில் கப்பல்கள் முழுச் சுமை ஏற்றுவதில்லை. தூர்வாருகிறார்கள், ஆனால் வற்றுகிற ஏரியைத் தூர்வாரி எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஆரல் கடல் காய்ந்து, கப்பல்கள் மணலில் நின்றதைப் பார்த்த நாட்டுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘1977இல் இறங்கிய மட்டம் அப்புறம் இரண்டரை மீட்டர் ஏறவில்லையா’ என்று கேட்கும் நிபுணர்களும் உண்டு. ஏறியது உண்மை. இன்றைய மட்டம் அந்த 1977ஐ விடவும் கீழே போய்விட்டதே!

கேஸ்பியனுக்கு வரும் ஆற்றுநீரில் ஏறக்குறைய 80 சதவீதம் வோல்கா தருவது. வோல்கா நெடுக அணைகள், அத்தனையும் ரஷ்யாவில். ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு போவதற்காகப் போட்ட பாதை ரஷ்யா விடும் தண்ணீரில் மிதக்கிறது. 2018இல் ஐந்து கரையோர நாடுகளும் அதே அக்தாவில் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. கரையிலிருந்து எத்தனை மைல் யாருக்கு, வெளிநாட்டுப் படை வரலாமா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வோல்காவிலிருந்து எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பது மட்டும் இல்லை.