வௌவால் எச்சம்: நேற்று ராத்திரியின் கணக்கு

ஒரு ஊரில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு பரவியிருக்குன்னு பார்க்க மண்ணையும் தண்ணியையும் சோதிக்கலாம். ஆனால் அந்த உலோகம் உயிர்களின் வயிற்றுக்குள் போகிறதா என்பது அதில் தெரியாது. விலங்கைத்தான் பார்க்கணும். வழக்கமான முறை, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் எடுத்துச் சோதிப்பது. 1993-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வு, நகரத்துப் பழந்தின்னி வௌவால்களின் திசுக்களில் ஈயம் அதிகம் என்று காட்டியது. ஆனால் திசு வேணும்னா, செத்த வௌவால் கிடைக்கணும், இல்லை கொல்லணும். வருஷத்துக்கு ஒரு குட்டி மட்டும் போடும் விலங்கில் அது நியாயமில்லை.

எச்சத்தில் அந்தச் சிக்கல் இல்லை. நம்மூர் பெரிய பழந்தின்னி வௌவால்கள் ஒரே மரத்தில் வருஷக்கணக்கில் கூட்டமாகத் தங்கும். சாயங்காலம் அவை கிளம்பியதும் மரத்தடியில் சுத்தமான விரிப்பைப் போட்டு, காலையில் எச்சத்தைச் சேகரிக்கலாம். விரிப்பு இல்லாவிட்டால் மண்ணில் இருக்கும் உலோகமும் சேர்ந்துவிடும். பிறகு உலர்த்தி, எடை போட்டு, நைட்ரிக் அமிலத்தில் கரைத்துக் கருவியில் அளக்க வேண்டியதுதான்.

அளந்த எண்ணை எப்படிப் படிப்பது? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறோம். பழந்தின்னி சாறை விழுங்கிவிட்டு சக்கையைத் துப்பிவிடும். விழுங்கியது சீக்கிரமே வெளியே வந்துடும். அதனால் எச்சம் சொல்வது நேற்று ராத்திரி உள்ளே போனதை. உடம்பில் தங்கியதை இல்லை. மாதக்கணக்கில் சேர்ந்ததை அறிய உதிர்ந்த, அல்லது கத்தரித்த ரோமத்தைப் பார்க்கணும்.

இன்னொன்று, வௌவால் தன் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்யும். அதில் ஒட்டிய சாலைத் தூசியும் வயிற்றுக்குள் போகும். எச்சத்தில் ஈயம் இருந்தால் பழத்தில்தான் இருந்ததுன்னு சொல்லிட முடியாது.

மேலும், இவை ஒரே ராத்திரியில் பல கிலோமீட்டர் பறக்கும். எச்சத்திலுள்ள விதை என்ன பழம் என்று சொல்லும். எந்தத் தோப்பு என்று சொல்லாது. ஆகவே ஒரு மரத்தின் ஒற்றை எண்ணுக்கு மதிப்பு கம்மி. தொழிற்பேட்டைப் பக்கத்து மரம், தூரத்துக் கிராமத்து மரம் இரண்டையும் ஒரே பருவத்தில், பல வருஷம் அளந்தால்தான் வித்தியாசம் பேசும்.

முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். 2018-இல் கேரளத்தில் நிபா பரவியபோது இதே இன வௌவால்களில் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. அதுக்காக மரத்தை வெட்டிடாதீங்க. மரம் போனால் கூட்டம் கலையும். அத்தனை வருஷக் கணக்கும் அதோடு போகும்.