தாளப்பெட்டி – 9: நாலாவது தடவை

"முதலில் எந்தக் கருவியை வாங்குவது?" இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து வரும் கேள்விகளில் முக்கால்வாசி இதுதான். பதிலுக்கு, கடையில் விலைபோகாத ஒரு கருவியின் கதையைச் சொல்கிறேன்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-இல் டிபி-303 என்ற வெள்ளிநிறச் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. வீட்டில் தனியாகக் கிதார் பழகுகிறவருக்குப் பக்கத்தில் பேஸ் கிதார் வாசிக்க ஆள் வேண்டுமே, அந்த ஆளின் இடத்தைப் பெட்டி நிரப்பும் என்பது கணக்கு. நிரப்பவில்லை. அதன் ஓசைக்கும் பேஸ் கிதாருக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை. போதாக்குறைக்கு, ஸ்வரங்களைத் தனியாகவும் அவை விழும் இடங்களைத் தனியாகவும் பதிய வேண்டும். கையேட்டை வரி விடாமல் படித்தவர்களே திணறினார்கள். ஏறத்தாழ 10,000 பெட்டிகளோடு 1984-இல் உற்பத்தி நின்றது. அதன்பிறகு அவை பழைய சாமான் விலைக்குக் கைமாறின.

சிகாகோவில் ஸ்பேங்கி என்ற இளைஞர் அப்படி ஒன்றை வாங்கினார். அவர், டிஜே பியர், ஹெர்ப் ஜே மூவரும் சேர்ந்த குழுவுக்கு ஃபியூச்சர் என்று பெயர். பெட்டியில் ஏதோ ஒரு பேட்டர்ன் சுழன்றுகொண்டிருந்தது. பியர் அதன் குமிழ்களைத் திருகத் தொடங்கினார். திருகத் திருக ஓசை மாறிக்கொண்டே போனது.

உள்ளே நடப்பது எளிமையான விஷயம்தான். பதினாறு கட்டங்கள் கொண்ட ஒரே சுற்று திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஒலி ஒரு ஃபில்டர் வழியாக வெளியே வருகிறது. கட்-ஆஃப் என்ற குமிழ், எந்த அளவுக்கு மேலுள்ள அதிர்வுகளை வெட்டுவது என்று முடிவுசெய்கிறது. ரெசொனன்ஸ் என்ற குமிழ், வெட்டுகிற அந்த விளிம்பையே தூக்கிக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துத் திருகினால், ஒரே ஸ்வரத்தை ஒருவர் வாயைக் குவித்தும் அகட்டியும் "ஊ... ஆ... ஈ" என்று இழுப்பதுபோல் கேட்கும். ஸ்வரம் மாறவில்லை, குரல் மாறுகிறது. பேஸ் கிதாரைப் போலி செய்ய வந்த பெட்டியில் யாரும் கேட்டிராத ஒரு குரல் ஒளிந்திருந்தது. கிதார் பழகுகிறவர் சுற்று ஓடும்போது குமிழைத் தொட மாட்டார், அவர் கை கிதாரில் இருக்கும். டிஜேவின் கையோ சும்மா இருக்காது.

இதுவரை நடந்தது ஒரு வீட்டுக்குள். இனிமேல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிற பகுதி.

மூவரும் அதை ஒரு நாடாவில் பதிந்து மியூசிக் பாக்ஸ் என்ற நடனக்கூடத்தின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். ஹார்டி முரட்டு ரசனைக்காரர். பாட்டைத் தலைகீழாக ஓட்டுவார், வேகத்தை ஏற்றிவிடுவார். அன்றிரவு நாடாவை ஓட்டினார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் களத்தைக் காலிசெய்துவிட்டார்கள். இன்னொரு டிஜேயாக இருந்தால் அதோடு நாடாவைத் திருப்பிக் கொடுத்திருப்பார். ஹார்டி சற்று இடைவெளி விட்டு மறுபடி ஓட்டினார். பிறகு இன்னொரு முறை. நாலாவது தடவையில் கூடமே வெறிபிடித்து ஆடியது என்று பியர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். தட்டு வெளிவரும் முன்பே ஜனங்கள் அதை ரான் ஹார்டியின் 'ஆசிட்' பாட்டு என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். 1987-இல் ட்ராக்ஸ் நிறுவனம் அதை 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பெயரில் தட்டாக வெளியிட்டது. நீளம் 12 நிமிடத்துக்குக் கிட்டே. அடுத்த ஆண்டு லண்டன் கூடங்களில் அந்தக் குரல்தான்.

புதிதாகப் பாட்டு செய்கிறவர்கள் பியரின் குமிழைப் பற்றி மட்டும் படித்துவிட்டு, ஹார்டியின் நாலு தடவையை விட்டுவிடுகிறார்கள். பழகாத ஓசைக்குக் காது திறக்க அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை வாங்கித்தருகிறவர்தான் டிஜே. அதனால்தான் பாட்டு செய்ய வருகிறவர்களிடம் முதலில் டிஜே வேலையைக் கொஞ்சமாவது பழகச் சொல்கிறேன். ஒரு மாதம் பிறர் பாட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் வெறும் தாளம் ஏன் அவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது தானே விளங்கும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் நாலு தட்டுகள் கொண்ட ஓர் ஆவர்த்தனம் இரண்டு வினாடி. முப்பத்திரண்டு ஆவர்த்தனம் விட்டால் 64 வினாடி. முந்தைய பாட்டை இறக்கிப் புதியதை ஏற்ற டிஜேவுக்கு அது தாராளம். எடுத்த எடுப்பிலேயே மெட்டைக் கொட்டிவிடும் பாட்டை எந்த டிஜேயும் தயங்கித்தான் எடுப்பார்.

களம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. பம்பாயில் ஹிந்திப் படங்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஒரு இசைத்தட்டு செய்தார். கையில் இருந்தவை அதே டிபி-303, டிஆர்-808 என்ற தாளக்கருவி, ஜூபிடர்-8 சிந்தசைசர். யமன் உண்டு, மால்கௌன்ஸ் உண்டு. நமக்குக் கல்யாணியும் இந்தோளமும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி 303-இல் இருப்பதால் ராகம் அதில் வியக்கத்தக்க வகையில் உட்கார்ந்தது. ஃபியூச்சரின் தட்டுக்கு ஐந்து வருடம் முந்தைய தட்டு! ஆனால் அந்த வருடம் ஊர் ஆடியது 'டிஸ்கோ டான்ஸர்' படப் பாட்டுக்கு. வார்த்தையே இல்லாத யமனை விடாப்பிடியாக நாலு தடவை ஓட்ட அங்கே ஒரு ஹார்டி அமையவில்லை. தட்டு அமுங்கிப்போனது.

நெதர்லாந்துக்காரர் ஒருவர் அதை டெல்லியில் தேடியெடுத்து 2010-இல் மறுபடி வெளியிட்டபோது, யாரோ விளையாட்டாகச் செய்த போலி என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2015-இல் மறைவதற்கு முன், எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங் அதே ராகங்களை ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். எதிரே இளைஞர்கள் ஆடினார்கள்.

அப்படியானால் எந்தக் கருவி? அசல் 303 இன்று எட்டாத விலை. அதே சுற்றைக் கொண்ட இலவச மென்பொருள்கள் கணினிக்குக் கிடைக்கின்றன. அதில் ஒன்றை இறக்கி வையுங்கள். பதினாறு கட்டங்களை நிரப்புவதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)