விலை குறைந்த தேயிலை, கைநழுவிய அமெரிக்கா

1773 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்த தேயிலைச் சட்டம், அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது புதிதாக ஒரு காசு வரிகூடப் போடவில்லை. ஏற்கெனவே இருந்த, ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற வரியை அப்படியே விட்டுவிட்டு, தேயிலையின் விலையைத்தான் குறைத்தது. ஹாலந்திலிருந்து திருட்டுத்தனமாக வந்து இறங்கிக்கொண்டிருந்த தேயிலைகூட இனி இதோடு போட்டி போட முடியாது என்ற நிலை. அந்த மலிவுத் தேயிலையைத்தான் பாஸ்டன்காரர்கள் கடலில் கொட்டினார்கள். வரிக் கொடுமை தாங்காமல் அமெரிக்கர்கள் பொங்கி எழுந்தார்கள் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது இடிக்கத்தான் செய்யும்.

பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போரில் 1763-இல் பிரிட்டன் ஜெயித்தது. கனடா கைக்கு வந்தது, கூடவே மலைபோல் கடனும் வந்தது. பாதுகாப்பு உங்களுக்குத்தானே, செலவில் ஒரு பங்கைக் கொடுங்கள் என்றது லண்டன். 1765-இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு என எல்லாக் காகிதத்துக்கும் முத்திரை வரி. குடியேற்றக்காரர்களின் பதில் எளிமையானது: எங்கள் மீது வரி போட எங்கள் சட்டசபைகள் இருக்கின்றன, லண்டன் நாடாளுமன்றத்தில் எங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை, பிறகு அது எப்படி எங்கள் பையில் கையை விடலாம்? முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்டவர்களை ஊரார் மிரட்டி ராஜினாமா செய்ய வைத்தார்கள். மறு ஆண்டே சட்டம் ரத்தானது. ஆனால் கையோடு இன்னொரு சட்டம் நிறைவேறியது: குடியேற்றங்களை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று. தோற்றவன் வீம்புக்கு எழுதி வைத்துக்கொண்ட பத்திரம் அது.

1767-இல் கண்ணாடி, ஈயம், சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதி வரி. பிரிட்டிஷ் சரக்கை வாங்கமாட்டோம் என்று அமெரிக்க வணிகர்கள் கைகோத்தார்கள். வரிகளை எடுத்துவிடலாம், தேயிலையை மட்டும் விட்டுவைப்போமா என்று 1769-இல் பிரிட்டிஷ் அமைச்சரவை கூடிப் பேசியது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஒரே ஒரு ஓட்டில், தேயிலை வரி பிழைத்தது. அதை வைத்திருந்தது வருமானத்துக்காக அல்ல, உரிமையைக் காட்டிக்கொள்ள. அந்த ஒரு ஓட்டுக்குப் பிரிட்டன் கொடுத்த விலை ஒரு கண்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1770 மார்ச் 5 அன்று மற்ற வரிகளை நீக்கும் தீர்மானத்தைப் பிரதமர் நார்த் பிரபு லண்டனில் முன்வைத்தார். அதே நாள் இரவு பாஸ்டன் வீதியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். கடல் கடந்து செய்தி போக வாரக்கணக்கில் ஆகும் காலம். சமாதானமும் சாவும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே நாளில் நடந்தன.

இந்த இடத்தில்தான் நமக்குப் பழக்கமான ஒரு பெயர் நுழைகிறது: கிழக்கிந்தியக் கம்பெனி.

1769-இல் ஹைதர் அலியின் படை சென்னைப் பட்டணத்தின் வாசல் வரை வந்து, கம்பெனியை உடன்படிக்கையில் கையெழுத்திட வைத்தது. அந்தப் போர்ச் செய்தி லண்டனுக்குப் போனதும் கம்பெனியின் பங்குவிலை சரிந்தது. அடுத்து வங்காளப் பஞ்சம், லட்சக்கணக்கான சாவு. 1772-இல் ஐரோப்பிய வங்கிகளே ஆட்டம் கண்டபோது கம்பெனியின் கஜானா காலி. பங்குதாரர்களுக்குக் கொழுத்த லாபத்தை மட்டும் தவறாமல் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்! லண்டன் கிடங்குகளிலோ விற்காத சீனத் தேயிலை 1 கோடியே 70 லட்சம் பவுண்டு எடைக்குத் தேங்கிக் கிடந்தது. அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. சரக்கைத் தள்ளிவிட, தேயிலைச் சட்டத்தின் மூலம் அமெரிக்கச் சந்தையைத் திறந்துவிட்டது. லண்டனில் ஏலம் விடாமல் கம்பெனியே நேராக அனுப்பலாம், தான் பொறுக்கிய சில முகவர்கள் மூலம் மட்டும் விற்கலாம்.

பாஸ்டனில் அந்த முகவர்களாக வாய்த்தவர்களில் இருவர் கவர்னர் தாமஸ் ஹட்சின்சனின் பிள்ளைகள். போதாததற்கு, கவர்னருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளமே சுங்க வரிப் பணத்திலிருந்து கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. அதுவரை சம்பளம் சட்டசபை கையில் இருந்ததால் கவர்னரைக் கொஞ்சம் அடக்கி வைக்க முடிந்தது. இப்போது ஜனங்கள் குடிக்கும் தேநீரே அந்தப் பிடியை அறுக்கிறது. மலிவு விலை என்பது தூண்டில் என்று அவர்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு. வங்காளத்தில் கம்பெனி செய்ததை நினைத்துப் பாருங்கள், அடுத்து நம் முறை என்று எச்சரித்த துண்டுப் பிரசுரங்களும் அன்று அமெரிக்காவில் வந்தன. எல்லாரும் தியாகிகள் என்றும் சொல்லிவிட முடியாது; கடத்தல் தேயிலையில் காசு பார்த்த வியாபாரிகளும் போராட்டக் கூட்டத்தில் கலந்திருந்தார்கள்.

டார்ட்மவுத், எலினார், பீவர் என்று மூன்று கப்பல்கள் பாஸ்டன் வந்து சேர்ந்தன. இருபது நாளுக்குள் சரக்கை இறக்கித் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை பறிமுதல் செய்யும். கப்பலைத் திருப்பி அனுப்ப ஹட்சின்சன் மறுத்துவிட்டார். கெடு முடிவதற்கு முந்தின நாள், 1773 டிசம்பர் 16, இருட்டிய பிறகு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் முகத்தில் கரி பூசி, மோஹாக் பழங்குடியினர் போல வேடம் கட்டிக் கப்பல்களில் ஏறினார்கள். மூன்று மணி நேரத்தில் சுமார் 340 பெட்டிகளைக் கோடரியால் பிளந்து கவிழ்த்தார்கள். 92,000 பவுண்டுத் தேயிலை. கடல் உள்வாங்கியிருந்த நேரமாதலால் தேயிலை மூழ்காமல் கப்பலோரம் குவியலாக ஏறிக்கொண்டே வந்தது. அதையும் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. தேயிலையைத் தவிர வேறு சரக்கைத் தொடவில்லை. உடைந்த ஒரு பூட்டுக்குப் பதிலாகப் புதுப்பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். மேலங்கிக்குள் தேயிலையைத் திணித்துக்கொண்டு நழுவப் பார்த்தவனைப் பிடித்து உதைத்து அனுப்பினார்கள்.

அமெரிக்கா முழுக்க இதற்குக் கைதட்டவில்லை. பொருளை நாசமாக்கியது ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிடிக்கவில்லை. நஷ்டஈடு கொடுத்துவிடுங்கள் என்றார் பெஞ்சமின் பிராங்க்ளின். லண்டன் கொஞ்சம் பொறுத்திருந்தால் பாஸ்டன் தனித்துப் போயிருக்கும். பொறுக்கவில்லை. 1774-இல் துறைமுகத்தையே இழுத்து மூடியது, மாசசூசெட்ஸ் சட்டசபையின் அதிகாரத்தைப் பிடுங்கியது. தப்புச் செய்தவர்கள் நூறு பேர், பட்டினி ஊருக்கே என்றதும் மற்றக் குடியேற்றங்களின் மனம் மாறியது. கனெக்டிகட்டிலிருந்து ஆட்டு மந்தை வந்தது, தென் கரோலினாவிலிருந்து அரிசி வந்தது. செப்டம்பரில் 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள்.

அப்போதும் அவர்கள் கேட்டது விடுதலை அல்ல, ஆங்கிலேயருக்குரிய உரிமை. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்களோடு துப்பாக்கிச் சண்டை வெடித்த பிறகும், ஜூலையில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பணிவோடு மனு அனுப்பினார்கள். மன்னர் அதை வாங்கிப் படிக்கவே மறுத்து, அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். நாடாளுமன்றம்தான் கெட்டது, ராஜா நல்லவர் என்று நம்பியிருந்தவர்களுக்கு ஒதுங்க நிழல் இல்லாமல் போனது. 1776 ஜனவரியில் தாமஸ் பெயினின் சிறு நூல் ராஜா என்ற ஏற்பாட்டையே கிழித்துப் போட்டது. ஜூலை 4-இல் விடுதலைப் பிரகடனம். அதன் வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஜெஃபர்சன் எழுதியிருந்த பத்தியைப் பிலடெல்பியா மாநாட்டில் வெட்டிவிட்டார்கள். எழுதிய அவரே அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

பிறகு பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர, சண்டை நம் கரைக்கும் வந்தது. 1778-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில் ஹைதர் அலியிடம் அடி வாங்கினார்கள். 1782-இல் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். தன்னைவிடப் பெரிய பிரிட்டிஷ் கப்பல் ஒன்றை அது டெலாவேர் விரிகுடாவில் மடக்கிப் பிடித்தது.

அமெரிக்காவில், 1781 அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் பிரபு. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கக்கூடத் தன் கீழ் அதிகாரியை அனுப்பியவர். அவரைத்தான் 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1792-இல் அவர் திப்பு சுல்தானைத் தோற்கடித்துப் போட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்தில்தான் சேலம் பக்கத்துப் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்குப் போயின.